சூசைப்பிள்ளையின் மஞ்சள் கல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் — நான் ஒரு மடையன்.

இந்தப் பத்தியைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் இவ்வளவு காலமும் நான் என்னை ஒரு சாதாரண மடையன் என்றுதான் நினைத்திருந்தேன். சவரக் கத்தி தீட்டுகிற கல்லைக் கொண்டுபோய்ச் சுவாமிப் படங்களுக்கு முன்னால் வைத்த பிறகுதான் என் தரம் எனக்கே விளங்கியது.

போன கிழமை வரைக்கும் இதை எழுதத் துணிவு வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

என் மனைவி பவானியின் தம்பி ரூபன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த நாளிலிருந்து உடையார்கட்டில் எங்களோடுதான் இருக்கிறான். சங்கக் கடையில் அரிசி, மா நிறுத்துக் கொடுக்கிற வேலை. அந்தக் கடைக்கு நிவாரணம் எடுக்க வருகிறவள் வதனி. முன்பள்ளி ரீச்சர். அவள் வரிசையில் நிற்கிற நாட்களில் ரூபனுக்குத் தராசு முள்ளைத் தவிர மற்ற எல்லாத் திசையும் தெரியும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

இரண்டு பேருக்கும் விருப்பம். இரண்டு வீட்டாருக்கும் தெரியும். பிறகு என்ன தடை?

தடையின் பெயர் பெரியப்பா.

வதனிக்குத் தகப்பன் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியவர் வவுனியாவில் இருக்கிற பெரியப்பாதான். அவர் எல்லை தாண்டுவதற்குப் பாஸ் எடுத்துக்கொண்டு வன்னிக்குள் வந்து, வதனி வீட்டில் தங்கியிருந்தார். மாப்பிள்ளையைப் பார்ப்பார். பிடித்தால் கலியாணம். பிடிக்காவிட்டால் பிள்ளையைக் கையோடு வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே ஒரு கனடா மாப்பிள்ளை... படமாக... தயாராகக் காத்திருக்கிறார்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். என்ன ஒரு சேவ்! கன்னத்தில் ஈ இருந்தால் வழுக்கி விழும்.

எங்கள் ஆளின் முகமோ பற்றைக் காடு. அவனைக் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பொருளாதாரத் தடைக்குள் பிளேட் எங்கே கிடைக்கிறது? வீட்டில் இருந்த ஒரே ஒரு பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசுக்குள் விட்டு உரசி உரசி, நானும் அவனும் மாறி மாறிப் பாவித்து, கடைசியில் அது பவானியின் தையல் நூலைக்கூட வெட்ட மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் தாடியை அதன் போக்கில் விட்டுவிட்டான்.

மாப்பிள்ளை பார்க்க வருகிற நேரம் தாடியோடு இருக்கலாமா? நல்ல கதை! தாடிக்காரனைக் கண்டால் எங்கள் சனம் இரண்டே கேள்விதான் கேட்கும். “ஆர் செத்தது?” அதற்குப் பதில் இல்லாவிட்டால், “ஆர் ஏமாத்தினது?”

“அத்தான், சந்திச் சலூனுக்கு ஒருக்காப் போட்டு வரட்டே?” என்று ரூபன் கேட்டான்.

அந்த இடத்தில் “போட்டு வா” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், இந்தக் கிழமை உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன். நான் என்ன சொன்னேன்?

“நான் இருக்க உனக்கென்னடா சலூன்?”

இதைச் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு. எங்களிடம் ஒரு சவரக் கத்தி இருக்கிறது — மடக்குகிற, எலும்புப் பிடி போட்ட பழைய கத்தி. அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று எவருக்கும் தெரியாது. அதால் எவரும் சவரம் செய்ததாகவும் வரலாறு இல்லை. ஆனால் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்ட அவசரத்தில் நான் அம்மியை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கி வந்தேன். இன்றைக்கும் இரவல் அம்மியில் அரைக்கப் போகிற நேரமெல்லாம் பவானி படலையடியில் நின்று சொல்லுவாள்: “சம்பல் அரைக்கப் போறன். உங்கடை கத்தியையும் கொண்டு போகட்டோ?”

அந்தக் கத்திக்கு ஒரு மரியாதை தேடிக் கொடுக்க நான் எவ்வளவு காலமாகக் காத்திருந்தேன் தெரியுமா? வந்தது நாள்!

கத்தி இருந்தால் போதாது, கூர் வேண்டும். கூருக்குக் கல் வேண்டும். மண்வெட்டி தீட்டுகிற கல்லில் சவரக் கத்தியைத் தீட்டக் கூடாது என்கிற அளவு அறிவு எனக்கும் உண்டு. அதற்குத் தோதான கல் எங்கள் பகுதியில் ஒருவரிடம்தான் இருந்தது. பக்கத்து வளவு சூசைப்பிள்ளை.

சூசைப்பிள்ளை முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். இப்போது களப்பில் இறால் பிடிக்கிறார். இந்தப் பிளேட் பஞ்சத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மினுங்குகிற முகத்தோடு போகிற ஒரே மனிசன். அவருடைய மாமனார் கப்பலில் வேலை செய்த காலத்தில் எந்தத் தேசத்திலிருந்தோ கொண்டுவந்த கல் அது. மலையில் வெட்டி எடுத்த கல்லாம். ஒரு சாண் நீளம், நல்ல இளமஞ்சள், தடவினால் குழந்தையின் உள்ளங்கால். ஊரை விட்டு ஓடி வந்தபோது புது வலையை விட்டுவிட்டு இந்தக் கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். எனக்கு ஆளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

“பேப்பர் ஐயா, கல்லுத் தாறன். கத்தி தரமாட்டன்” என்றார். பத்தி எழுதுகிற குற்றத்துக்காக அவர் எனக்கு வைத்த பெயர் அது.

“கத்தி தந்தா என்ன?”

“வேறை முகத்துக்குப் பழகிச்சுதெண்டால் என்ரை முகத்தை மறந்துபோடும்.”

கல்லைத் துணியிலிருந்து பிரித்துத் தந்தார். கூடவே அதே நிறத்தில் பெருவிரல் அளவு ஒரு குட்டிக் கல்.

“விழுத்திப்போடாதையுங்கோ, உடைஞ்சுபோம். எண்ணெயும் காட்டாதையுங்கோ. தண்ணி மட்டும். தண்ணியைத் தெளிச்சுக் குட்டியாலை பெரிசிலை உரைச்சால் பால் வரும். அந்தப் பாலிலை கத்தியைப் படுக்கவைச்சு இழுக்கவேணும். பால்தான் இரும்பைத் தின்னுறது. பேந்து...”

‘பால்’ என்றதும் எனக்கு எங்கள் வீட்டு ஆட்டின் ஞாபகம் வந்துவிட்டது. அது பால் கறக்க விடாமல் பவானியை உதைத்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். அருமையான கதை. அந்தப் ‘பேந்து’வுக்குப் பிறகு சூசைப்பிள்ளை ஏதோ விளக்கமாகச் சொன்னார்தான். ஆனால் நான் அப்போது ஆட்டின் இரண்டாவது உதையில் நின்றேன்.

அடுத்த நாள் காலை. பெரியப்பா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சூசைப்பிள்ளை விடியமுன்னம் களப்புக்குப் போய்விட்டார். ரூபனைக் கதிரையில் இருத்தி, கழுத்தில் துவாயைக் கட்டி, நான் கல்லோடு இருந்தேன்.

தண்ணீர் தெளித்துக் குட்டிக் கல்லால் உரைத்தேன். ஆகா! என்ன பால்! வெண்ணெய் நிறத்தில், மெதுமெதுவென்று, விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு... கத்தியைப் படுக்கவைத்து இழுத்தேன். ‘ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் பால் சாம்பல் நிறமாக மாறியது. இரும்பைத் தின்னுகிறது!

இவ்வளவு பாலில் இவ்வளவு தின்னுமானால், இன்னும் பால் எடுத்தால்? உரைத்தேன். இழுத்தேன். திரும்ப உரைத்தேன். கல்லில் பாயசம் காய்ச்சியது போல ஆயிற்று. பிறகு பெல்டைக் கதவு நிலையில் கொளுவி, அதிலும் கத்தியை இப்படியும் அப்படியும் இழுத்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் பரம்பரையாக இதைச் செய்கிறவன் போல இருந்திருக்கும்.

கை மயிரில் வைத்துச் சோதித்தேன். கத்தி ஒரு மயிருக்கும் இடைஞ்சல் செய்யாமல் மரியாதையாக விலகிப் போனது.

“அத்தான்... வெட்டேல்லைப் போல” என்றான் ரூபன்.

“கை மயிர் வேறை, தாடி மயிர் வேறை. நீ சும்மா இரு.”

வலது கன்னத்தில் தொடங்கினேன். சேவ் எடுத்தேன் என்று சொன்னால் பொய். பிடுங்கினேன். கோழிக்கு இறகு பிடுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் கோழி அந்த நேரம் உயிரோடு இருப்பதில்லை. அதுதான் வித்தியாசம். ரூபனின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எழும்பி ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தான்.

எப்படியோ ஒரு பக்கம் முடிந்தது. இனி இடது கன்னம். நேரம் ஒன்பதரை. அரை மணித்தியாலம் தாராளம் அல்லவா? கல்லைக் கழுவிவிட்டு, மறு கன்னத்துக்கென்று புதிதாகப் பால் உரைத்தேன். தடிப்பாக, மஞ்சளாக...

வாசலில் சைக்கிள் மணி.

பவானி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடக்கின குரலில் கத்தினாள். “இஞ்சேருங்கோ! பெரியப்பா வந்திட்டார்!”

“பத்து மணிக்கெல்லோ வாறனெண்டவர்?”

பத்து மணிக்குத்தான் வந்திருந்தார். அவருடைய பத்து மணி! கொழும்பில் மணிக்கூட்டு முள்ளை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்; வவுனியா அந்தப் புது நேரத்தில் ஓடுகிறது. வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே நிற்கிறோம். இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம். பெரியப்பா பாஸ் எடுத்து எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவருடைய மணிக்கூடு இன்னும் வரவில்லை.

பவானி ரூபனை அறைக்குள் தள்ளினாள். நான் கையில் கல்லோடு நின்றேன். கீழே வைத்தால் கோழி இடறும். கதிரையில் வைத்தால் ஆட்டுக்குட்டி ஏறும். சூசைப்பிள்ளையின் உயிர் அல்லவா அது? எங்கள் வீட்டில் கோழியும் ஆடும் எட்டாத இடம் ஒன்றுதான் — சுவரில் சுவாமிப் படங்கள் வைத்திருக்கிற பலகை. கல்லையும் குட்டியையும் அதிலே வைத்துவிட்டு ஓடினேன்.

பெரியப்பா வெள்ளை வேட்டி. நிமிர்ந்த ஆள். கதை குறைவு. கால் கழுவினார். “இருங்கோ” என்று கதிரையைக் காட்டினேன்.

இருக்கவில்லை. நேரே சுவாமிப் படங்களுக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். வீட்டுக்குள் வந்த கையோடு சுவாமி கும்பிடுகிற ஆள் என்று எனக்கு எவர் சொன்னார்கள்?

கண்ணைத் திறந்தார். திருநீறு பூசினார். பிறகு அவருடைய கண் கல்லில் விழுந்தது.

நீங்களே சொல்லுங்கள். சுவாமிப் பலகையில் ஒரு தட்டையான கல். அதன் மேலே மஞ்சளாக, ஈரமாக, மைபோல அரைத்த ஒரு பொருள். பக்கத்தில் தேய்ந்துபோன துண்டு ஒன்று. ஒரு சைவன் அதை வேறு என்னவென்று நினைப்பான்?

மோதிர விரலால் தொட்டார். நெற்றியில் வட்டமாக வைத்தார். அதற்கு மேல் குங்குமம். விரலில் மிஞ்சிய குங்குமத்தைக் கல்லின் ஓரத்திலேயே துடைத்தார். கையை எடுக்கும்போது படத்தில் செருகியிருந்த செம்பரத்தம் பூ ஒன்று தட்டுப்பட்டுக் கல்லின் மேலே விழுந்தது.

பவானி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? ‘ஐயா, நீங்கள் பூசியிருக்கிறது கத்தி தீட்டுகிற சேறு’ என்றா? பிள்ளை தருவாரா மனிசன்?

பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொடுத்தோம். வயல், மழை, வழியில் பட்ட கஷ்டம் எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பதில். இதற்குள் இன்னொரு சங்கடம் — கல்லுப்பால் காயத் தொடங்கிவிட்டது. காய்ந்தால் அது இறுகும். நெற்றித் தோலைப் பிடித்து மேலே இழுக்கும். பெரியப்பாவின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டு போனது. நான் என்ன சொன்னாலும் ‘அப்படியோ?’ என்று நம்பாமல் பார்க்கிற முகம்.

“எங்கை தம்பி?” என்றார்.

ரூபன் வந்தான். இடது கன்னத்தைத் துவாயால் மூடிக்கொண்டு.

“பல்லு வருத்தம்” என்றேன் நான், அவன் வாய் திறக்கமுன்னம்.

“எந்தப் பல்லு?”

“கீழ்ப் பல்லு” என்றேன் நான்.

“மேல் பல்லு” என்றாள் பவானி, அதே நேரத்தில்.

பெரியப்பாவின் புருவம் இன்னும் ஒரு படி ஏறியது. கல்லா, கோபமா — ஆர் கண்டார்?

“தம்பி, துவாயை எடும்.”

ரூபன் எடுத்தான். ஒரு பக்கம் காடு. மறு பக்கம் சிவந்து, வெட்டும் கீறலுமாக, எரித்து விட்ட சேனைக் காணி.

“பல்லு வருத்தம் இல்லை ஐயா” என்றான் ரூபன். “பிளேட் இல்லை. அத்தான் கத்தி தீட்டித் தாறனெண்டவர். ஒரு பக்கந்தான் முடிஞ்சுது. நீங்கள் வந்திட்டியள்.”

பெரியப்பா அந்தச் சிவந்த கன்னத்தைக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

“நோகேல்லையே?”

“நொந்தது.”

“பிறகேன் இருந்தனீர்?”

ரூபன் தலை குனிந்தான். “சலூனுக்குப் போகத்தான் நினைச்சனான். அத்தானுக்கு ஆசை. அதோடை... நீங்கள் வாறியள் எண்டு.”

அந்த நேரம் பார்த்து, பெரியப்பாவின் நெற்றியிலிருந்து காய்ந்த துண்டு ஒன்று கழன்று தேத்தண்ணீருக்குள் விழுந்தது. அவர் கோப்பையைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். அவர் குடித்தார்.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்று எழும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எவரும் என்னோடு கதைக்கவில்லை. பவானி மட்டும் சொன்னாள்: “அம்மியை விட்டிட்டுக் கத்தியைத் தூக்கின ஆளை நம்பினது என்ரை பிழை.” ரூபன் அரைத் தாடியோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான். வதனியின் பயணப் பையை வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள் என்று பின்னேரம் ஒரு கதை வந்தது. அதைக் கேட்ட பிறகு அவன் எழும்பிச் சாப்பிடவும் இல்லை. எனக்கு முதல் தடவையாகப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

சூசைப்பிள்ளை இறால் பறியோடு வந்தார். பலகையில் தன் கல் இருந்த கோலத்தைக் கண்டார் — குங்குமம், செம்பரத்தம் பூ...

“பேப்பர் ஐயா! ஞானஸ்நானம் குடுத்த கல்லை ஒரு காலமையிலை சைவத்துக்கு மாத்திப்போட்டியளே!”

சிரித்து முடியத்தான் கத்தியை வாங்கிப் பார்த்தார். “பேந்து தண்ணி விட்டனீங்களே?”

“என்ன தண்ணி?”

“சரியாப் போச்சு. பாலிலை தொடங்கவேணும். பேந்து தண்ணியை விட்டு விட்டுப் பாலைக் கரைச்சுக்கொண்டு வரவேணும். கடைசியிலை வெறுந்தண்ணி. கடைசி வரைக்கும் தடிச்ச பாலிலை இழுத்தா, அது எடுத்த கூரைத் தானே தின்னும். நீங்கள் ஆட்டுக் கதை சொல்லேக்கை இதைத்தானே சொன்னனான்!”

அவர் புதிதாகப் பால் உரைத்து, கத்தியை இழுத்தபடியே கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பால் மெலிந்தது, பிறகு தெளிந்தது, கடைசியில் தண்ணீர் மட்டும் கல்லில் மினுங்கியது. ரூபனை எழுப்பிக் கொண்டுவந்து இருத்தி மறு கன்னத்தை வழித்தார். முடிந்துவிட்டதா என்று அவன் கேட்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு சேவ்.

கல் இரவலாகப் போனதால் அது அவரை மறந்துவிட்டதா என்று கேட்டேன். “கல்லு மறக்காது. உங்களை மட்டும் மறக்கவே மறக்காது” என்றார்.

அன்றைக்கு ஒன்று யோசித்தேன். நான் கதைக்கிறதும் அந்தப் பால் மாதிரித்தான். ஒரு விடயத்தைத் தொடங்குவதற்குக் கதை வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தில் கரைத்துக் குறைக்கத் தெரிய வேண்டும். நான் கடைசி வரைக்கும் தடிப்பாகவே விட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு வெட்டவில்லை, வெட்டவில்லை என்று கத்தியைக் குறை சொல்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் வெட்டின சொல் எது? ‘நொந்தது.’ ரூபனுடையது. வெறுந்தண்ணி.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் பெரியப்பா சங்கக் கடை வரிசையில் வந்து நின்றாராம். தன் முறை வந்ததும் ரூபனின் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

“நாள் பாக்கச் சொல்லிப்போட்டன்” என்றாராம்.

ரூபன் மா நிறுத்த கையோடு, முகமெல்லாம் வெள்ளையாக, சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். வரிசையில் நின்ற சனம் அன்றைக்குத் தாங்களே நிறுத்து எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி. வதனியின் பயணப் பையைக் காயப் போட்டது, பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிப் போவதற்காம்.

போன கிழமை வற்றாப்பளை அம்மன் கோயிலில் தாலி கட்டு. வருகிறவர்களுக்குச் சந்தனக் கிண்ணம் நீட்டுகிற வேலையைப் பவானி எனக்குத் தந்தாள். வேண்டுமென்றுதான்.

பெரியப்பா வந்தார். கிண்ணத்தை நீட்டினேன். அவர் விரலால் தொட்டார். ஆனால் நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை; முதலில் மூக்கடியில் பிடித்தார். பிறகுதான் பூசினார்.

மனச்சாட்சி என்று ஒன்று என்னிடமும் இருக்கிறது. அது எப்போதும் பிழையான நேரத்தில்தான் எழும்பும். எழும்பியது.

“ஐயா... ஒரு விசயம். நீங்கள் அண்டைக்கு எங்கடை வீட்டிலை பூசினது... அது வந்து... சூசைப்பிள்ளை எண்டு ஒருத்தர், அவற்றை மாமனார் கப்பலிலை வேலை செய்யேக்கை... அந்தக் கல்லிலை தண்ணி தெளிச்சு உரைச்சால்... அது சந்தனம் இல்லை ஐயா.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“தெரியும். மணக்கேல்லை.”